வெளியுறவு: யாருடைய உறவு?

வெளியுறவுக் கொள்கை பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தலித் என்றால் சேரியைப் பற்றி எழுது, பசியைப் பற்றி எழுது, பட்ட அடியைப் பற்றி எழுது, அமெரிக்கா ஆப்பிரிக்கா எல்லாம் உனக்கு எதற்கு என்பது அவர்களுடைய எண்ணம். அனுபவம் நமக்கு, அலசல் அவர்களுக்கு என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பாகப்பிரிவினைக்கு நாம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 1951ல் அண்ணல் அம்பேத்கர் மத்திய அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தபோது சொன்ன காரணங்களில் இந்து சட்டத் தொகுப்பு இருந்தது, தாழ்த்தப்பட்டோர் மீதான அலட்சியம் இருந்தது, கூடவே நாட்டின் வெளியுறவுக் கொள்கையும் இருந்தது. முதல் இரண்டையும் நாம் வருஷா வருஷம் பேசுகிறோம். மூன்றாவதை மறந்துவிட்டோம்.

அதிலும் திருப்பூரில் பிழைக்கிறவனுக்கு வெளியுறவு என்பது டெல்லிச் சமாச்சாரம் இல்லை. சனிக்கிழமை சம்பளக் கவருக்குள் இருக்கிற சமாச்சாரம். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்கு மீது அமெரிக்கா போட்ட வரி ஐம்பது சதமாக ஏறியபோது, அந்த வரி என்ன, யார் போட்டது, எதற்குப் போட்டது என்பதைக் கைமடிக்கிற அக்காக்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருந்தார்கள். ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகக் குறைந்தால் தெரியாமல் எப்படி இருக்கும்? அதற்கு ஒரு வருஷம் முந்தி, 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தபோது இங்கே வேறு பேச்சு ஓடியது. “அங்கத்த ஆர்டரெல்லாம் இங்க வந்துருமுங்க” என்றார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கம் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தபோதுகூட இதே பேச்சு காதில் விழுந்தது. செத்தவர்கள் பெரும்பாலும் நம்மைப்போல ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள். அடுத்தவன் வீட்டு இழவில் நம் வீட்டுக்கு அரிசி வருகிற மாதிரி இந்தத் தொழில் அமைக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் நம்மை எப்படி நடத்துகின்றன என்பது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் எழுத நினைப்பது எதிர்த் திசையைப் பற்றி. இந்தியா தனக்குக் கீழே இருப்பதாக நினைக்கிற நாடுகளை, குறிப்பாக ஆப்பிரிக்க நாடுகளை, எப்படி நடத்துகிறது? மேலே இருக்கிறவனிடம் ஒருவன் காட்டுகிற பணிவில் அவனுடைய குணம் தெரியாது. பண்ணையத்தில் வேலை பார்த்த நம் பாட்டன்களுக்கு இது நன்றாகத் தெரியும். கலெக்டர் முன்னால் கைகட்டி நிற்கிற கவுண்டர் நல்லவரா கெட்டவரா என்பது, மாதாரி அவர் வாசலுக்கு வரும்போதுதான் தெரியவரும். நாட்டுக்கும் இந்த அளவுகோலே போதும். ஊருக்கு வெளியே சேரி வைத்திருக்கிற ஒரு தேசம், தூரதேசத்து ஏழைக்குச் சகோதரனாக இருக்க முடியுமா? இதுதான் என் கேள்வி.

1946லிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் தென்னாப்பிரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. நேட்டாலில் இருக்கிற இந்தியர்கள் குறிப்பிட்ட எல்லைக்குள்தான் நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம், எல்லையைத் தாண்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். கெட்டோ சட்டம் என்று அங்கிருந்த நம்மவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். நேட்டாலுக்கு இந்தியர்கள் எப்படிப் போனார்கள்? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதி சென்னை மாகாணத்து ஆட்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களில் நம் சனங்களும் இருந்தார்கள்.

இந்தியா சும்மா இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்துக்கொண்டது. உலகத்திலேயே அப்படிச் செய்த முதல் நாடு இந்தியாதான். பிரச்சனையை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் போன குழு வாதாடியது. தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் எழுந்து, இது எங்கள் உள்நாட்டு விவகாரம், இதில் தலையிட ஐ.நா.வுக்கு அதிகாரம் இல்லை, சாசனத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார். இந்தியா அதை ஏற்கவில்லை. மனிதனை நிறத்தாலும் பிறப்பாலும் ஒதுக்கிவைப்பது எந்த நாட்டுக்கும் உள்வீட்டு விவகாரம் ஆகாது, உலகம் கேட்கத்தான் செய்யும் என்பது இந்தியாவின் பதில். 1946 டிசம்பர் 8 அன்று மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு இந்தியாவின் பக்கம் தீர்மானம் நிறைவேறியது. புதிதாகப் பிறக்கப் போகிற ஒரு நாடு உலகத்தின் முன்னால் பேசிய முதல் பெரிய பேச்சு அது. சரியான பேச்சு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்தப் பேச்சு நடந்த அதே 1946ல் கொங்கு நாட்டுக் கிராமங்களில் யார் எங்கே குடியிருக்கலாம், எந்தக் கிணற்றில் இறங்கலாம், எந்தத் தெருவில் செருப்புப் போடலாம் என்பதற்குச் சட்டமே தேவைப்படவில்லை. கெட்டோ என்ற வார்த்தையை டர்பனில் இருந்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து கடன் வாங்க வேண்டியிருந்தது. நம்மிடம் சொந்தமாகவே வார்த்தை இருந்தது: வளவு, சேரி, சக்கிலித் தெரு.

இந்த முரண்பாட்டை அன்றைக்கே பார்த்தவர் ஒருவர் உண்டு. 1946 ஜூலை வாக்கில் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்களாமே, அதன் படி கிடைக்குமா, இந்தியாவில் தீண்டப்படாத மக்களும் அதுபோல ஒன்று செய்ய யோசிக்கிறோம் என்பது கடிதத்தின் சாரம். டுபாய்ஸ் பதில் எழுதினார். உங்கள் பெயர் எனக்குத் தெரியும், இந்தியாவின் தீண்டப்படாதார் பக்கம் என் அனுதாபம் உண்டு என்றார். தோழர்களே, இதை நான் நம்முடைய வெளியுறவுக் கொள்கையின் முதல் ஆவணம் என்று சொல்லுவேன். இந்திய அரசு ஒரு பக்கம் ஐ.நா.வின் கதவைத் தட்டுகிறது. அதே நேரத்தில் இந்தியாவின் தீண்டப்படாதவர்களும் அதே கதவை நோக்கிப் போகப் பார்க்கிறார்கள். ஒரே கதவு, ஒரே நியாயம், ஆனால் இரண்டு இந்தியா.

அடுத்த கட்டம் 1965. எல்லாவகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம் அந்த வருஷம் டிசம்பரில் ஐ.நா.வில் நிறைவேறியது. இனம், நிறம், தேசிய மூலம் என்று வரிசையாக வருகிற இடத்தில் ‘வம்சாவழி’ என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொடுத்தது இந்தியா. முப்பது வருஷம் கழித்து, வம்சாவழி என்றால் சாதியும் அதில் அடங்கும்தானே என்று அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கிற குழு கேட்டது. அடங்காது என்றது இந்தியா. அடங்கும் என்று 1996ல் குழு எழுதிவைத்தது. 2002ல் இன்னும் தெளிவாக, சாதிபோன்ற பிறப்புவழி ஒதுக்கலும் இந்த ஒப்பந்தத்துக்குள் வரும் என்று பொதுப் பரிந்துரையே வெளியிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைத்தவனே, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இது என் பிள்ளை இல்லை என்று சொன்ன கதை இது.

இடையில் 2001 வந்தது. இனவெறிக்கு எதிரான உலக மாநாடு. நடந்த இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். நிறவெறி ஆட்சி ஒழிந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஏராளமான தலித் தோழர்கள் இந்தியாவிலிருந்து போயிருந்தார்கள். தொழிலையும் பிறப்பையும் வைத்து நடக்கிற பாகுபாடு பற்றி மாநாட்டு ஆவணத்தில் ஒரு பத்தியாவது வரவேண்டும் என்று கேட்டார்கள். வாஜ்பாய் அரசு அனுப்பிய குழு முழு மூச்சாக நின்று அதைத் தடுத்தது. சாதி என்பது இனம் இல்லை, அதை ஒழிக்க எங்கள் அரசியல் சட்டத்தில் வழி இருக்கிறது, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது. கடைசி ஆவணத்தில் சாதி இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1860ல் நம் சனங்கள் கூலிகளாகக் கால் வைத்த அதே ஊர். 1946ல் எந்த ஊர் இந்தியர்களுக்காக இந்தியா உலகத்தைக் கூட்டியதோ அதே ஊர். அங்கே நின்றுகொண்டு, எந்த வாதத்தை இந்தியா உடைத்ததோ அதே வாதத்தை இந்தியா எடுத்து வைத்தது. ஸ்மட்ஸ் எழுந்துபோன நாற்காலி ஐம்பத்தைந்து வருஷமாகக் காலியாகக் கிடந்தது. அதில் இந்தியா போய் உட்கார்ந்தது. காங்கிரஸ் போய்விட்டது, பாரதிய ஜனதா வந்துவிட்டது, அதனால்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். 1996ல் ஐ.நா. குழுவுக்குப் போன அறிக்கையில் சாதி இதில் வராது என்று வாதம் எழுதியது காங்கிரஸ் காலத்து அதிகார வர்க்கம்தான். கட்சி மாறும். ஊர்த் தெருவும் சேரித் தெருவும் மாறாது.

உள்வீட்டு விவகாரம் என்பது எப்போது நினைவுக்கு வருகிறது என்பதைத் திருப்பூர்க்காரர்கள் நன்றாகவே சொல்லுவார்கள். பதினைந்து வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவன் நான். வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறான் என்றால் கம்பெனி எப்படி மாறும் என்று பார்த்திருக்கிறேன். தீயணைப்புச் சிலிண்டர் வரும், குடிதண்ணீர்க் கேன் வரும், சின்னப் பெண்கள் அன்றைக்கு லீவு. ஆடிட்டர் கக்கூஸ் கதவைத் திறந்து பார்ப்பான், சம்பள ரிஜிஸ்டரைப் புரட்டுவான், எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பான். இது எங்கள் உள் விவகாரம், வெளியே போ என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. டாலர் கேட்டால் கக்கூஸ் வரைக்கும் காட்டலாம். மனித உரிமை கேட்டால் மட்டும் தேசத்தின் மானம் போய்விடும். ஆடிட் படிவத்தில் சாதி என்ற சொல்கூட இருக்கும். ‘பாகுபாடு இல்லை’ என்று டிக் அடித்துப் போவார்கள். கட்டிங் மாஸ்டர் யார், கழிவறை கழுவுகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, இன்றைய ஆப்பிரிக்கக் கொள்கைக்கு வருவோம். 2008ல் டெல்லியில், 2011ல் அடிஸ் அபாபாவில், 2015ல் மறுபடி டெல்லியில் என்று இந்தியா-ஆப்பிரிக்கா உச்சி மாநாடுகள் நடந்தன. 2008ல் 540 கோடி டாலர், 2011ல் 500 கோடி டாலர், 2015ல் 1,000 கோடி டாலர் என்று கடன் அறிவிக்கப்பட்டது. மிகப் பின்தங்கிய நாடுகளின் சரக்குக்கு வரிச் சலுகை என்று 2008ல் சொன்னார்கள். 2023 செப்டம்பரில் டெல்லியில் கூடிய ஜி-20 மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராகச் சேர்த்தார்கள். சேர்த்தது நல்லதுதான். அந்த மாநாட்டின் முழக்கம் ஒரே பூமி, ஒரே குடும்பம், ஒரே எதிர்காலம் என்பது.

குடும்பம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்குக் கொஞ்சம் பயம் வரவேண்டும். “இவன் எங்க ஊட்டு மாதாரி” என்றுதான் நம் பாட்டனைக் கவுண்டர் அறிமுகம் செய்வார். பாசமாகத்தான் சொல்லுவார். அந்தக் குடும்பத்தில் சோறு கொல்லைப்புறத்தில்தான் விழுந்தது. தீபாவளிக்கு வேட்டி கொடுத்தார்கள், கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தார்கள், அந்தக் கடனுக்கு மகனும் பண்ணையத்துக்குப் போனான். பிறகு பண்ணையம் போய் விசைத்தறி வந்தது. கடன் போகவில்லை, முன்பணம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே ஒருவன் குடும்பம் என்று சொன்னால் கடனுக்கு என்ன நிபந்தனை என்று கேட்கிற புத்தி நமக்கு வந்திருக்கிறது. இந்திய அரசு எக்சிம் வங்கி வழியாக ஏழை நாடுகளுக்குக் கொடுக்கிற கடனுக்குப் பொதுவான நிபந்தனை, அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து ரூபாய்க்கு இந்தியாவிலிருந்தே சரக்கும் சேவையும் வாங்க வேண்டும் என்பது. எத்தியோப்பியாவின் சர்க்கரை ஆலைகளுக்கு இப்படி 64 கோடி டாலர் போனது. வாங்குவது இந்தியக் கம்பெனியிடம், திருப்பிக் கட்டுவது எத்தியோப்பியக் குடியானவன். முதலாளியிடம் முன்பணம் வாங்கி முதலாளி சொன்ன கடையிலேயே அரிசி வாங்கினவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே எத்தியோப்பியாவில் கம்பெல்லா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அனுவாக் முதலிய பழங்குடி மக்களின் பூமி. பெங்களூரைச் சேர்ந்த கருத்தூரி என்ற ரோஜாப்பூக் கம்பெனிக்கு அங்கே ஒரு லட்சம் ஹெக்டேர் நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. குத்தகைப் பணம் ஹெக்டேருக்கு வருஷம் 20 பிர். அன்றைய கணக்கில் ஒன்றிரண்டு டாலர். காலி நிலம், யாரும் பயன்படுத்தாத நிலம் என்றார்கள். அதே வருஷங்களில் அந்த மாநிலத்துக் குடும்பங்களை அரசு புதுக் குடியிருப்புகளுக்குக் கட்டாயப்படுத்தி நகர்த்துகிறது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2012ல் அறிக்கை வெளியிட்டது. கடைசியில் கம்பெனி சொன்னபடி விவசாயம் நடக்கவில்லை. 2015 இறுதியில் எத்தியோப்பிய அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. கருத்தூரி தனியார் கம்பெனி, அதற்கும் இந்திய வெளியுறவுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். பஞ்சமி நிலத்தைப் பிடுங்கியதும் தனியார்தான், அரசு இல்லை. 1892க்குப் பிறகு நம் முன்னோருக்கு ஒதுக்கிய நிலம் கைமாறும்போது அரசு என்ன செய்தது? பட்டா மாற்றிக் கொடுத்தது. தடுக்க வேண்டியவன் தடுக்காமல் நின்றால் அதற்குப் பெயரும் கொள்கைதான்.

இன்னும் நெருங்கி வருவோம். தெற்கு எத்தியோப்பியாவில் ஹவாசா என்ற ஊரில் 2016ல் பெரிய ஆடைத் தொழிற்பேட்டை திறந்தார்கள். எத்தியோப்பியாவுக்குத் திருப்பூர், கோவை வட்டாரத்துக் கம்பெனிகளும் கடை விரித்தன. ஏன் போனார்கள்? அங்கே தனியார் துறைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை. மாதச் சம்பளம் 26 டாலரில் தொடங்குகிறது, உலகத்தில் எந்த ஆடை உற்பத்தி நாட்டிலும் இவ்வளவு குறைவில்லை என்று நியூயார்க் பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் ஒன்று 2019ல் எழுதியது. 1984ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த 127 நாளின் பலன் கொஞ்சமாவது நம் சம்பளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஒட்டாத இடம் தேடி மூலதனம் கப்பல் ஏறியது.

எங்கள் வளவுத் தம்பி ஒருவன் லைன் சூப்பர்வைசராக அங்கே போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தான். டெய்லராக இருந்து படிப்படியாக ஏறியவன். இங்கே பன்னிரண்டு வருஷம் அவனை யாரும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. “அண்ணா, அங்க போயி எறங்குனதும் நானு சாரு. சேருல உக்காந்துட்டு வேல வாங்குனேன்” என்றான். அந்தச் சந்தோஷத்தில் தப்பில்லை. அவனுக்கு அது கிடைக்க வேண்டியதுதான். பிறகு அங்கத்துப் பெண்களைப் பற்றிச் சொன்னான். “சோம்பேறிங்கண்ணா. சுத்தமில்ல. அதட்டுனாத்தான் வேல நடக்கும். சொல்லாமக் கொள்ளாம நின்னுக்குவாளுக.” நான் கேட்டேன்: “இதே வார்த்தைய இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் கேட்டிருக்கியா?” அவன் கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம அப்பனச் சொன்னதுதானுங்கண்ணா” என்றான். அவனை நான் வேறொன்றும் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்துவிட்டான்.

படிக்கட்டு மாதிரியான சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். சாதி என்பது மேல், கீழ் என்ற இரண்டே தட்டு இல்லை. ஒவ்வொருவனுக்கும் மிதிப்பதற்குக் கீழே ஒரு படி கொடுத்து, அதனாலேயே மேலே இருக்கிறவனை எதிர்க்காமல் வைத்திருக்கிற ஏற்பாடு அது. இன்றைக்கு அந்தப் படிக்கட்டு உலகம் முழுக்க நீண்டிருக்கிறது. நியூயார்க்கில் பிராண்டு, திருப்பூரில் எக்ஸ்போர்ட் முதலாளி, ஜாப் ஒர்க்காரன், அவனுக்குக் கீழே நாம், நமக்குப் பக்கத்தில் ‘வடக்கத்தியான்’ என்று நாம் ஏளனமாகச் சொல்கிற ஒடியாக்காரன், பீகார்க்காரன், எல்லாருக்கும் கீழே ஹவாசாவில் ஒரு சிடாமாப் பெண். இந்தியா வல்லரசு ஆகிறது என்றால் அதில் நமக்குக் கிடைக்கிற பங்கு என்ன? நமக்குக் கீழே ஒரு படி புதிதாகக் கட்டித் தருகிறார்கள். அந்தப் படியில் கால் வைக்கலாமா என்பதுதான் நம் முன்னால் இருக்கிற அறக்கேள்வி. அந்தப் பெண்ணின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் வடக்கே டிக்ரேயில் போர் வெடித்தது. அதைக் காரணம் காட்டி 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியாவின் வரிச் சலுகையை அமெரிக்கா பறித்தது. ஆர்டர் போனது, கம்பெனிகள் வெளியேறின, போரில் ஒரு பங்கும் இல்லாத பெண்கள் கிராமத்துக்குத் திரும்பினார்கள். அமெரிக்க வரியால் ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டான நமக்கு அவர்கள் யார்? எதிரியா, போட்டியா, சொந்தமா?

ஆப்பிரிக்காவைத் தேடி எத்தியோப்பியா வரைக்கும் போகவேண்டியதுகூட இல்லை. காதர்பேட்டைக்குப் போனால் போதும். ஸ்டாக் லாட்டும் செகண்ட்ஸ் பனியனும் மூட்டை மூட்டையாக வாங்கி லாகோஸுக்குக் கப்பலேற்றுகிற நைஜீரியர்களை அங்கே பார்க்கலாம். ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். பணத்தை வாங்க எந்தக் கைக்கும் தீட்டு இல்லை. வாடகைக்கு வீடு கேட்டால் மட்டும் “அவியளுக்குக் குடுக்கறதில்லீங்க” என்று பதில். இந்தப் பதில் நமக்குப் புதிதா? டவுனில் வீடு தேடிப் போனால் முதலில் ஊர் கேட்பார்கள், பிறகு குலசாமி கேட்பார்கள், பிறகு வீடு இல்லை என்பார்கள். சாதியைக் கேட்காமலே சாதியைக் கண்டுபிடிக்கிற வித்தை தெரிந்த வீட்டுக்காரருக்கு நைஜீரியரிடம் அந்தச் சிரமம்கூட இல்லை. தோலே சொல்லிவிடுகிறது.

2016 மே மாதம் டெல்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆப்பிரிக்க தினக் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ள மாட்டோம் என்று ஆப்பிரிக்கத் தூதர்கள் சொல்லும் நிலை வந்தது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தார்கள். இது இனவெறிதான், இந்தியா போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தூதர்கள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். இந்திய அரசு என்ன சொன்னது? இது இனவெறி இல்லை, குற்றச் செயல் என்றது. அதே 2016 மார்ச்சில் நம் திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டையில் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக ஒரு தலித் மாணவரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். இப்படி எது நடந்தாலும் “இது சாதிப் பிரச்சனை இல்லீங்க, தனிப்பட்ட தகராறு” என்று ஸ்டேஷனில் சொல்வதை நாம் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறோம். வெளியுறவு அமைச்சகம் பேசிய பாஷை நம்மூர் ஸ்டேஷன் பாஷைதான். சொந்த ஊரில் சாதி இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்கு, டெல்லியில் நிறவெறி இல்லை என்று சொல்வது சிரமமா என்ன?

இங்கே சில தோழர்கள் குறுக்கே வருவார்கள். சீனாக்காரன் ஆப்பிரிக்காவில் இதைவிட மோசமாக நடக்கவில்லையா, வெள்ளைக்காரன் நடக்கவில்லையா என்பார்கள். நடந்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்க் கவுண்டர் இன்னும் மோசம் என்பது நம்மூர்க் கவுண்டருக்கு நற்சான்று ஆகாது. இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது. இந்தியா நல்லதே செய்யவில்லையா? செய்திருக்கிறது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றது. 1964லிருந்து வளரும் நாட்டு ஆட்களுக்கு இலவசத் தொழில்நுட்பப் பயிற்சி கொடுத்துவருகிறது. 2001ல், டர்பன் மாநாடு நடந்த அதே வருஷத்தில், மும்பையின் சிப்லா கம்பெனி எய்ட்ஸ் மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. பன்னாட்டுக் கம்பெனிகள் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து. ஆப்பிரிக்காவில் எத்தனையோ உயிர் அதனால் பிழைத்தது. கடன் வாங்கிய பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் ஒரு கவுண்டர் கட்டிய பள்ளிக்கூடத்தில் படித்திருக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தருமம் வேறு, சமத்துவம் வேறு. கொடுக்கிறவன் கை எப்போதும் மேலேயே இருக்கும். சமத்துவத்தில் இரண்டு கையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், எதிரில் இருப்பவன் கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும்.

கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் வீட்டுக்குள்தான் வர வேண்டும். 2018ல் அவிநாசி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியப் பெண் சமைத்த சத்துணவை எங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று பெற்றோர் மறித்த மாவட்டம் இது. பக்கத்துத் தெருக்காரி ஆக்கிய சோற்றைத் தின்ன மறுக்கிறவன், கடல் தாண்டி இருக்கிறவனோடு பந்தியில் உட்காருவேன் என்றால் அதை எப்படி நம்புவது? உட்காருவான். அவனிடம் எண்ணெய் இருக்கும்வரை, தாமிரம் இருக்கும்வரை, ஐ.நா. பாதுகாப்புக் குழுவில் இடம் பிடிக்க ஐம்பத்து நாலு ஓட்டு வேண்டியிருக்கும்வரை உட்காருவான்.

அப்படியானால் இந்தியா உலக அரங்கில் வாயே திறக்கக்கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. திறக்கவேண்டும். 1946ல் சொன்னதை மறுபடியும் சொல்லவேண்டும், இந்த முறை தன்னையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிறப்பால் மனிதனை ஒதுக்குவது எந்த நாட்டுக்கும் உள்வீட்டு விவகாரம் இல்லை என்றால், நம் சேரிக்குள் வந்து கேள்வி கேட்க ஆப்பிரிக்கனுக்கும் உரிமை உண்டு. டர்பனில் அந்த உரிமையை மறுத்த அன்றைக்கே ஆப்பிரிக்காவின் சகோதரன் என்று சொல்லிக்கொள்கிற உரிமையை இந்தியா கைவிட்டது.

அரசு இதைச் செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அம்பேத்கர் காத்திருக்கவில்லை, ஒரு தபால் எழுதினார். நாமும் நம் வெளியுறவை நாமே நடத்தலாம். திருப்பூர்ச் சங்கங்கள் ஹவாசாவிலும் டாக்காவிலும் என்ன கூலி என்று விசாரித்து நோட்டீஸ் போடலாம். அங்கே ஐந்து டாலர் ஏறினால் இங்கே நம் கூலியைக் குறைக்க மிரட்டுகிறவன் வாய் ஐந்து டாலர் அளவுக்கு மூடும், அது கருணை இல்லை, கணக்கு. சூப்பர்வைசராகக் கப்பலேறுகிற நம் பிள்ளைகளிடம், உங்கப்பனைச் சொன்ன வார்த்தையை அங்கே சொல்லாதே என்று சொல்லி அனுப்பலாம். நமக்கென்று ஒரு ஓட்டுவீடு இருந்து, ஒரு நைஜீரியரோ ஒடியாக்காரரோ வந்து கேட்டால், சாவியை எடுத்துக் கொடுக்கலாம். ஐ.நா.வில் நிறைவேறுகிற தீர்மானங்களைவிட இதெல்லாம் சின்னக் காரியம்தான். ஆனால் நாடுகளுக்கு நடுவில் உறவு என்று ஒன்று உண்மையிலேயே இருக்குமானால், அது பந்தியில் பக்கத்தில் உட்காருவதில்தான் தொடங்குகிறது. உட்காரவிடாமல் எழுப்பப்பட்டவர்களுக்கு அது தெரிந்த அளவு டெல்லிக்குத் தெரியாது.